காத்தாடிக்கு வைத்த பொட்டு

"…ஆனா அந்த ஒரு எடத்துல மட்டும் நான் வைக்கலைங்க" என்று முடித்தார் காத்தாடிக்காரர்.

பேச்சின் முன்பாதியைக் கேட்டபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்பாதி வந்து விழுந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் சிரிப்புக்காகத் திறந்த வாயை எந்தச் சாக்கில் மூடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தோட்டத்துத் துரை அப்படியே நின்றார். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் அப்படியே நின்றார். கொழும்பிலிருந்து வந்த இஞ்சினியர் மட்டும் முதலிலிருந்தே வாயை மூடிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் காலையிலிருந்து அவர் வாங்கிய பேச்சுக்கு, வாயைத் திறக்கிற தெம்பு அவருக்கு இருந்திருக்காது.

எந்த இடம், எதை வைக்கவில்லை என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆகாய விமானத்தின் உடம்பைச் சோதிக்கிற கருவி ஒன்று பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு வந்து என்ன கண்டுபிடித்தது என்பதைச் சொன்னால்தான் அது விளங்கும். நான் அங்கே இருந்தேன். பதுளை பஜாரில் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுவது என் தொழில். சுற்றுப்புறத் தோட்டங்களில் மோட்டார் புகைந்தால் எனக்கு ஆள் வரும். படித்துக் கற்ற தொழில் இல்லை. எரிந்த மோட்டாரை அவிழ்த்து அவிழ்த்துக் கற்றது. அவிழ்க்கிற நேரத்தில் சுற்றி நிற்கிறவர்கள் பேசுவதைக் கேட்பது எனக்குக் கூலிக்கு மேல் கிடைத்த கூலி.

எண்பதுகளின் தொடக்கம். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு சில வருஷங்கள் ஆகியிருந்தன. வெள்ளைக்காரத் துரை போய் நம் நாட்டுத் துரை வந்திருந்தார். அதே பங்களா, அதே நாய்க்கூண்டு, அதே கைத்தடி. "தொரை மாறினாலும் ஏத்தம் மாறாது" என்று அந்தப் பக்கத்து மலையில் ஒரு சொல் நடமாடியது. கூடை சுமந்து ஏறியவர்கள் கண்டுபிடித்த சொல். அதில் பிழை பிடிக்க எந்தத் துரையாலும் முடியவில்லை.

அந்தக் காலத்தில்தான் வெளிநாடு ஒன்று நம்மேல் இரக்கப்பட்டுத் தேயிலை ஸ்டோருக்கு ஒரு காத்தாடி கொடுத்தது. ஸ்டோர் என்றால் தோட்டத்து ஆட்களுக்குத் தொழிற்சாலை. பறித்த கொழுந்தை அரைக்கிறதற்கு முன்னால் வாட்ட வேண்டும். பழைய ஏற்பாட்டில் மேல்மாடியில் சாக்குத் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பிவிட்டு, காற்று வருமா என்று வானத்தைப் பார்த்திருப்பார்கள். புதிய ஏற்பாட்டில் ஒரு நீளத் தொட்டி, தொட்டிக்குள் கம்பி வலை, வலைமேல் கொழுந்து, தொட்டியின் தலைமாட்டில், வலைக்குக் கீழே காற்றைத் தள்ளுகிற ஆளுயரக் காத்தாடி.

அதன் ஆறு இறக்கைகளும் இரும்பும் இல்லை, தகரமும் இல்லை. கண்ணாடி இழையைத் துணி மாதிரி நெய்து, பிசினில் தோய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கியது. விமானத்துக்குப் பாவிக்கிற சாமான் அது என்று துரைக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஸ்டோருக்கு யார் வந்தாலும் துரை முதலில் காத்தாடியிடம் கூட்டிப்போய், "ஏரோப்ளேன் சாமான்" என்று தட்டிக் காட்டுவார். ஆட்கள் குடியிருக்கிற லயத்துக் கூரைத் தகரத்தை அடிக்க ஆணி கேட்டால் கிடைக்காத தோட்டம். கொழுந்துக்கு விசிறிவிட விமானமே வந்து இறங்கியிருந்தது.

காத்தாடியைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் காத்தாடிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஐம்பதை நெருங்கிய மனுஷன். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற காலத்தில், சரிவில் சறுக்கி விழுந்து முழங்கால் சில்லு பிசகிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி அதற்கு வெள்ளை மாத்திரை கொடுத்தது. அந்த ஆஸ்பத்திரியில் வயிற்றுவலிக்கும் வெள்ளை மாத்திரைதான், மகப்பேற்றுக்கும் வெள்ளை மாத்திரைதான். கால் அதன் இஷ்டத்துக்குக் கூடிக்கொண்டது. சமதரையில் நடப்பார், படி ஏறுவார். மழை விழுந்த சரிவில் அந்தக் காலை நம்பிக் கூடை சுமக்கவோ கத்தி பிடிக்கவோ முடியாது. அதனால்தான் இந்த வேலை கொடுத்தார்கள்: காத்தாடியைப் போடுவது, நிறுத்துவது, பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் சத்தத்துக்குக் காது கொடுப்பது. கவிழ்த்து வைத்த பழைய டீப்பெட்டி ஒன்று ஆசனம்.

உட்கார்ந்துகொண்டே கூலி வாங்குகிறவன் என்று லயத்தில் பொறாமை. அவரும் விட்டுக்கொடுக்க மாட்டார். "மலையில நீங்க காத்தைத் தேடிப் போறீங்க; எங்கிட்ட காத்து தேடி வந்து நிக்குது" என்பார். அவர் மனைவி கொழுந்து போட வருகிறபோது ஒரு தடவை என்னிடம் சொன்னாள்: "அண்ணே, இந்த மோட்டார கொஞ்சம் எரிச்சுவிட்டுட்டுப் போங்க. எங்கிட்ட பேசுறதவிட அதுகிட்டத்தான் இந்த மனுசன் அதிகமாப் பேசுறாரு."

ஆயுத பூசைக்கு அவர் காத்தாடியைச் சோடிப்பது பார்க்கப் பார்க்க அழகு. ஸ்டோரில் எல்லா மிஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. மற்றவர்கள் பேருக்கு ஒரு விரல் இழுத்துவிட்டுச் சுண்டலுக்குப் போய்விடுவார்கள். இவர் ஆறு இறக்கைக்கும், இறக்கை நடுக்குடத்தில் சேர்கிற அடிப்பகுதியில், கன்னத்தளவு சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, சாமிக்கு வைக்கிற பக்குவத்தில் வைப்பார். ஆறும் ஒரே அளவு, ஒரே இடம்.

வைத்த பொட்டை அழிக்கக் கூடாது என்பது ஸ்டோரின் எழுதாத சட்டம். உருட்டுகிற மிஷினும் காய வைக்கிற மிஷினும் சூட்டிலும் எண்ணெயிலும் பொட்டைத் தாமாகவே தின்றுவிடும். காத்தாடி தின்னாது. அங்கே காய்ந்து ஒட்டிக்கொண்டு கிடக்கும். பூசை முடிந்த கையோடு, கணக்குப் பார்க்க வருகிற பெரியவர்களுக்காக டீமேக்கர் ஸ்டோர் முழுக்க வெள்ளிப் பெயின்ட் அடிக்கச் சொல்லுவார். அடிக்கிறவனும் சாமிக்குப் பயந்தவன். பொட்டைத் துடைக்க மாட்டான். பொட்டுக்கு மேலேயே பூசிவிடுவான். மறுவருஷம் அந்தப் பெயின்ட்டுக்கு மேல் புதுச் சந்தனம். சந்தனத்துக்கு மேல் புதுப் பெயின்ட். வெளிநாட்டுக்காரன் கண்ணாடி இழையையும் பிசினையும் அடுக்கி இறக்கை செய்தான். நம்மவர்கள் அவனுக்குச் சளைத்தவர்களா? வருஷா வருஷம் அதன்மேல் இரண்டு அடுக்குச் சேர்த்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, வேறு எங்கோ ஒரு தோட்டத்தில் இதே மாதிரிக் காத்தாடியின் இறக்கை ஒன்று ஓடுகிற ஓட்டத்தில் உடைந்து பறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. செய்தி பசறையில் பஸ் ஏறுகிறபோது அந்த இறக்கை ஒரு தகரத்தைக் கிழித்திருந்தது. பதுளையில் இறங்குவதற்குள் கூரையைத் தூக்கிக்கொண்டு நமுனுகலை மலையைத் தாண்டிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் இல்லை என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. இறக்கை போனதுதான் கொழும்பைக் கலக்கியது. எல்லாக் காத்தாடிகளையும் சோதிக்க உத்தரவு வந்தது. அதற்குத்தான் இஞ்சினியர்.

வடக்குப் பக்கத்து இளைஞர். வெளிநாட்டில் விமானம் கட்டுகிற இடத்தில், இறக்கைக்குள்ளும் வாலுக்குள்ளும் அடுக்கு ஒட்டு விட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலையில் இருந்துவிட்டு வந்தவர். சப்பாத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லாமல் ஜீப்பிலிருந்து இறங்கினார். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்த காலம். சேறு அவரை உடனே ஏற்றுக்கொண்டது.

மோட்டாரைக் கழற்றிக் கொடுக்கவும், கருவிக்குக் கரண்ட் ஏற இறங்காமல் பார்த்துக்கொள்ளவும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இறக்கைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஸ்டோரின் முன் விறாந்தையில் சாக்குமேல் கிடத்தினோம். பிரேதப் பரிசோதனை மாதிரி ஆறும் வரிசையாகக் கிடந்தன. காத்தாடிக்காரர் டீப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டார்.

கருவி ஒரு பெட்டி. முகத்தில் சிலேட்டளவு திரை. திரையில் பச்சைக் கோடு. பெட்டியிலிருந்து வயர், வயரின் நுனியில் காசளவு வட்டமான ஒரு தலை. அந்தத் தலையை இறக்கைமேல் வைத்து நகர்த்த வேண்டும்.

"இது எங்கட காதுக்குக் கேளாத சத்தம்" என்று இஞ்சினியர் விளக்கினார். "உள்ள போய், மற்றப் பக்கத்தில பட்டுத் திரும்பி வரும். உள்ளுக்கு அடுக்கு விட்டிருந்தா அதில பட்டு முதலே திரும்பிடும். வெளியால பார்த்தா ஒண்டும் தெரியாது. விளங்குதே?"

எனக்கு விளங்கியது. மலைக்கு எதிரே நின்று கூப்பிட்டால் எதிரொலி வருகிற மாதிரி. நடுவில் யாராவது சுவர் கட்டியிருந்தால் எதிரொலி சீக்கிரமே வந்துவிடும். திரையில் முதல் மேடு, சத்தம் உள்ளே போன இடம். இரண்டாவது மேடு, மறுபக்கத்தில் பட்டுத் திரும்பிய இடம். இடையில் கோடு சமதரையாக இருந்தால் இறக்கை நல்லது. இடையில் புது மேடு எழும்பினாலோ, இரண்டாவது மேடு படுத்துவிட்டாலோ, உள்ளே ஒட்டு விட்டிருக்கிறது. மழையில் நனைந்த டீப்பெட்டிப் பலகை வெளியே பார்க்கச் சரியாக இருக்கும், உள்ளே அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கும், அந்தச் சங்கதிதான்.

காத்தாடிக்காரர் கேட்டார்: "மனுசன் உள்ளுக்கும் இப்படி வச்சுப் பாக்க முடியுங்களா, ஐயா?"

வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வைத்துப் பார்க்கிறார்கள் என்றார் இஞ்சினியர்.

"பொம்பளைங்களுக்குச் சரிங்க. ஆம்பளைங்களுக்கு வேணாங்க. தலைவருங்களுக்கு வச்சா கோடு எந்திரிச்சு ஓடியே போயிரும்."

இஞ்சினியர் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அது ஒன்றுதான்.

முதல் சண்டை டீமேக்கரோடு. கருவியின் தலைக்கும் இறக்கைக்கும் இடையில் மயிரிழை காற்று இருந்தாலும் சத்தம் உள்ளே இறங்காதாம். அதனால் நடுவே ஒரு பசை தடவ வேண்டும். காத்தாடிக்குக் காற்றுத்தான் எதிரி என்று சொல்லக் கொழும்பிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. அவர் பசை டப்பாவைத் திறந்தார். மாடிப்படியில் நின்ற டீமேக்கரின் மூக்கு அங்கேயே நிமிர்ந்தது.

டீமேக்கரின் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் ஸ்டோருக்குள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வரக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவனை அவர் வாசலிலேயே அடையாளம் கண்டு திருப்பி அனுப்பியிருக்கிறார். "இந்த ஸ்டோருக்கு என் மூக்குதான் மிஷினு" என்பார். பூசைச் சந்தனத்துக்கும் பெயின்ட்டுக்கும் மட்டும் அது அடைத்துக்கொள்ளும். அந்த மிஷினை யாரும் சோதித்ததில்லை.

பசை மருந்து நாறுகிறது, இது தடவிய இறக்கையை உள்ளே விட்டால் வருகிற மாதத் தேயிலை முழுக்க ஆஸ்பத்திரி மாதிரி மணக்கும் என்று டீமேக்கர் குறுக்கே நின்றார். கழுவிவிடலாம் என்றார் இஞ்சினியர். கழுவினால் நாற்றம் தண்ணீருக்குப் போகும், தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டார் டீமேக்கர். விமானத்தின் இறக்கைக்கே தடவுகிற பசை என்றார் இஞ்சினியர். விமானத்தை யாரும் கொதிக்க வைத்துக் குடிப்பதில்லை என்றார் டீமேக்கர். கடைசியில் காத்தாடிக்காரரின் பகல் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து சோற்றுக் கஞ்சி வந்தது. தடவிப் பார்த்தார்கள். பச்சைக் கோட்டுக்குக் கஞ்சி பிடித்திருந்தது. உலகத்திலேயே கஞ்சி குடித்து வேலை செய்த அந்த மாதிரிக் கருவி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

முதல் இறக்கையின் அடிப்பகுதியில் இஞ்சினியர் கருவித் தலையை வைத்தார். இரண்டாவது மேடு படுத்துவிட்டது. நகர்த்தினார், எழும்பியது, திரும்பக் கொண்டுவந்தார், படுத்தது. இரண்டாவது இறக்கைக்குப் போனார். அதே இடம், அதே படுக்கை. மூன்றாவதும் அப்படி. ஆறாவது வரும்போது நெற்றியில் வியர்வை, அந்தக் குளிரில். நடுக்குடத்தை ஒட்டிய இடம்தான் முழுப் பாரத்தையும் தாங்குகிற இடம், அங்கே அடுக்கு விட்டால் இறக்கை நிற்காது, ஆறும் செய்கிறபோதே பிழை, காத்தாடியை இனி ஒரு சுற்றுக்கூட ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

துரை வந்தார். அவருக்கு விமானம் போன துக்கம். புது இறக்கைக்கு எழுதிப்போட்டால் வருமா என்று கேட்டார். ஒன்றை மட்டும் மாற்ற முடியாது, ஆறும் ஒரே எடையில் சேர்த்துச் செய்தவை, மொத்தமாக வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றார் இஞ்சினியர். அது எந்த எந்த மேசையைத் தாண்டி வர வேண்டும் என்பது துரைக்குத் தெரியும். கொழுந்து மரமாகி, மரம் விறகாகிற கணக்கு. மறுபடியும் சாக்குத் தட்டுதான் என்றார். பிறகு, மழை வரும்போல என்று சொல்கிற குரலில், காத்தாடிக்காரரைப் பார்த்துச் சொன்னார்:

"அப்ப நீ நாளைக்கு மலைக்குப் பெரட்டுல நில்லு, என்னா. இங்க ஒனக்கு வேலை இல்லத்தானே."

பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலைக்குப் பிரித்துவிடுகிற இடம். காத்தாடிக்காரர் தன் முழங்காலைத் தடவினார். அதற்கும் காது கேட்டிருக்கும். சாக்குத் தட்டில் வேறு வேலை தரக் கூடாதா என்று நான் கேட்டேன். அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்றார் துரை. நான் பஜார்க்காரன், அதற்கு மேல் கேட்க எனக்கு இடமில்லை.

காத்தாடிக்காரர் எழுந்தார். ஆறாவது இறக்கையைப் பார்த்தார், இஞ்சினியரின் விரல் நிற்கிற இடத்தைப் பார்த்தார், பள்ளிக்கூடத்தில் கை தூக்குகிற மாதிரி லேசாகக் கையைத் தூக்கினார்.

"ஐயா, அது நான் வச்ச பொட்டுங்க."

யாருக்கும் விளங்கவில்லை. அவர் கையாலேயே சொன்னார்: இங்கே சந்தனம், அதன்மேல் பெயின்ட், அதன்மேல் சந்தனம். இஞ்சினியர் நம்பவில்லை. நான் மோட்டார் வார்னிஷ் சுரண்டுகிற கத்தியை எடுத்து மெதுவாகச் சுரண்டினேன். வெள்ளிப் பெயின்ட் பொருக்காகக் கழன்றது, கீழே மஞ்சள். மஞ்சளின் நடுவே சிவப்பு. இன்னும் சுரண்டினேன், இன்னொரு வெள்ளி. அதற்குக் கீழே இன்னொரு மஞ்சள். இந்த வருஷத்துச் சாமி, போன வருஷத்துச் சாமி என்று ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

காய்ந்த சந்தனப் பொடிக்குள் காற்று. காற்று இருந்தால் சத்தம் இறங்காது. இஞ்சினியர் சொன்னதுதான், கருவி செய்ததும் அதுதான். ஆனால் சிரிப்பு என்பது நியாயம் பார்த்து வருகிறதில்லை. டீமேக்கர் ஆரம்பித்தார். பிறகு உருட்டு மிஷின்காரர்கள், பொடி சலிக்கிற பெண்கள், கடைசியில் துரை. நானும்தான். ஏரோப்ளேனுக்குப் பொட்டு வைத்தால் கொழும்பு மிஷினுக்குச் சாமி வந்துவிடும் என்றார் ஒருவர். அதைக் காவடிக்கு முன்னால் விட்டால் என்ன சொல்லும் என்றார் இன்னொருவர். இத்தனை தூரம் சுமந்து வந்த பெட்டி, எங்கள் வீட்டுப் பிள்ளை கண்டுபிடிக்கிறதைக் கண்டுபிடித்திருக்கிறது என்றாள் பொடி சலிக்கிற அக்கா ஒருத்தி. இஞ்சினியர் வயரைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக நின்றார். அவருடைய காது சிவந்திருந்தது.

காத்தாடிக்காரருக்கு மட்டும் சிரிக்க நேரமில்லை. அவரே வெளிக் குழாயடிக்கு ஒவ்வொரு இறக்கையாகச் சுமந்துபோய், துணி தோய்க்கிற சவுக்காரம் போட்டுத் தேய்த்தார். எந்தச் சாமிக்குப் பயந்து இத்தனை வருஷம் துடைக்கவில்லையோ, அந்தச் சாமியிடம் என்ன சொல்லிக்கொண்டு துடைத்தார் என்று எனக்குத் தெரியாது. உதடு அசைந்துகொண்டிருந்தது. தேய்த்துத் துடைத்துப் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரிக் கிடத்தினார்.

மறுபடியும் கஞ்சி, மறுபடியும் பச்சைக் கோடு. ஒன்று, இரண்டு, மூன்று. அடிப்பகுதி எல்லாம் சுத்தம். இரண்டாவது மேடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. காத்தாடிக்காரர் டீப்பெட்டியில் காலை நீட்டி உட்கார்ந்தார். பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். துரை ஒரு சிகரெட் பற்றவைத்து, மேலே பங்களாவில் இஞ்சினியருக்கும் சேர்த்துச் சாப்பாடு சொல்லியிருப்பதாகச் சொன்னார். வேலை இலகுவாகிவிட்டதால் இஞ்சினியர் இந்தத் தடவை அடிப்பகுதியோடு நிற்கவில்லை. இறக்கையின் முழு நீளத்துக்கும் தலையை ஓட்டினார். ஐந்து இறக்கைகள் நல்லபடி முடிந்தன.

கடைசி இறக்கையில், பொட்டு இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளித் தலையை வைத்தபோது, திரைக்கோட்டின் நடுவில் புதிதாக ஒரு மேடு எழும்பியது.

இஞ்சினியர் கருவித் தலையை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். மேடு எழும்பியது. நான் அவர் தோளுக்குமேல் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு இரண்டாவது மேடு படுத்ததுபோல் இல்லை இது. கோட்டின் நடுவிலேயே ஒரு குத்து. அவர் சுற்றிலும் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. விமானத்தின் இறக்கையில் இதைக் கண்டிருந்தால் உடனே கையைத் தூக்கியிருப்பார். அந்த ஓட்டம் நின்றிருக்கும், யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். இங்கே அவருக்குப் பக்கத்தில் டீமேக்கர் நின்றார்.

"அங்கேயும் ஒரு சாமி இருக்காருங்களா?" என்று டீமேக்கர் கேட்டார்.

துரை சத்தமாகச் சிரித்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதன் சாரம் இதுதான்: அந்தக் கிழவன் பூசை நாளில் கை போகிற இடமெல்லாம் அப்பியிருப்பான், இதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள், இனிமேல் பெயின்ட்டைச் சுரண்ட விட மாட்டேன், பகல் கொழுந்து வரப்போகிறது, காத்தாடியைப் பூட்டுங்கள், நாம் சாப்பிடப் போகலாம். டீமேக்கர் அதைத் தமிழில் எங்களுக்கும் சொன்னார், கொஞ்சம் உப்பு சேர்த்து.

இஞ்சினியர் வாதாடவில்லை. காலையில் ஆறு இறக்கையையும் கொன்ற மனுஷன், இப்போது ஒன்றைக் கொல்லத் தயங்கினார். இன்னொரு முறை சுரண்டி, இன்னொரு மஞ்சள் வந்துவிட்டால்? அந்தச் சிரிப்பு ஜீப்புக்கு முன்னால் கொழும்பு போய்ச் சேர்ந்துவிடும். கடைசியில், ஒரு சாட்சியாவது கிடைக்கட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். காத்தாடிக்காரரைக் கூப்பிட்டு, விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அண்ணை, இதிலயும் நீங்கள்தானே பூசினது?"

கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. "ஆமாங்க" என்றால் போதும். இஞ்சினியருக்கு நிம்மதி, துரைக்கு விமானம், டீமேக்கருக்கு ஒரு வருஷம் சொல்லிச் சிரிக்கக் கதை, காத்தாடிக்காரருக்கு டீப்பெட்டி. இறக்கை என்றைக்காவது பறந்தால், அதன் நேர்க்கோட்டில் முதலில் இருக்கிறவர் அதே டீப்பெட்டிக்காரர். அடுத்தது தொட்டியில் கொழுந்து பரப்புகிற பெண்கள். ஆனால் அது என்றைக்கோ. பெரட்டு நாளைக்கு.

காத்தாடிக்காரர் குனிந்து பார்த்தார். பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை. கையால் தடவினார். நெடுநேரம் தடவினார் என்று எனக்குப் பட்டது. துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர் சொன்னதன் பின்பாதியை முதலிலேயே சொல்லிவிட்டேன். முன்பாதி இது:

"பொட்டு வச்சதெல்லாம் நாந்தாங்க, வருசா வருசம் என் கையாலதான்…"

அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். பின்பாதி வந்த பிறகு, இஞ்சினியர் என் கையிலிருந்து கத்தியை வாங்கி, யாரிடமும் கேட்காமல், தானே சுரண்டினார். வெள்ளி போனது. மஞ்சள் வரவில்லை. கண்ணாடி இழையின் சாம்பல் நிறம்தான் வந்தது, கீறலோ வெடிப்போ ஒன்றும் இல்லாமல். தலையை வைத்தார். பச்சைக் கோட்டின் நடுவில் அந்தக் குத்து அப்படியே நின்றது.

"உள்ளுக்கு விட்டிருக்கு" என்றார், மெதுவாக.

துரை சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். துரை வாயைத் திறக்கும்வரை காத்தாடிக்காரர் காத்திருக்கவில்லை. டீப்பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வெளிக் குழாயடிக்குப் போனார். அங்கே கல்லின்மேல் அவர் இறக்கை தேய்த்த சவுக்காரக் கட்டி கிடந்தது. மழைக்காலத்தில் மலைக்குப் போகிறவர்கள், அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவுக்காரம் பூசி, கழுவாமல் காயவிடுவார்கள். நாளைக்கு என்று சொன்ன மலைக்கு இன்றைக்கே போகிறவர் மாதிரி, அவர் இடுப்புச் சாரத்தை முழங்காலுக்குமேல் மடித்துக் கட்டினார். நல்ல காலில் முதலில் பூசினார். பிறகு கல்லில் உட்கார்ந்து, மற்றக் காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்துக்கொண்டு, பாதத்திலிருந்து மேலே பூசத் தொடங்கினார்.